மாமனாரின் ஜீப், மருமகளின் ஸ்பானர்!

சேலத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், கோரிமேடு தாண்டியதும் அது நடந்தது. வேகம் 45 இருக்கும். முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடுத்த நொடி ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் கீழே விழுந்தார். பின்சீட்டில் இருந்த பேரன், "அம்மா, ஜீப்புக்குக் குளிர்ஜுரமா?" என்றான்.

வண்டியை ஓட்டி வந்த மருமகள் பதறவில்லை. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, வேகத்தைத் தானாகக் குறையவிட்டார். 30-க்குக் கீழே வந்ததும் ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். பக்கத்து சீட்டில் இருந்த மாமனார் இரண்டே வார்த்தை சொன்னார்.

"கிங் பின் போயிருச்சு."

கொண்டப்பநாயக்கன்பட்டியில் அந்த ஜீப்பைத் தெரியாதவர்கள் குறைவு. 1986-ல் வந்த மகிந்திரா. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் அந்தக் கரடுகளுக்கு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அங்கே கிடைப்பது சாக்பீஸ் சுண்ணாம்பு இல்லை, உலைகளுக்குச் செங்கல் செய்ய உதவும் மேக்னசைட். அந்தப் பெயரிலேயே சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம்கூட உண்டு. பெரியவர் இளவயதில் அந்தச் சுரங்க வண்டிகளுக்கு மெக்கானிக். பிறகு சொந்தமாக ஒரு ஷெட் போட்டு, ஜீப் வேலை மட்டும் பார்த்தார். ஷெட்டை மூடியபோது எல்லாவற்றையும் விற்றார், இந்த ஜீப்பையும் இரண்டு பெட்டி ஸ்பானரையும் தவிர.

இப்போது அவருக்கு 69 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதத்தில் வலது கை பலமிழந்துவிட்டது. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் வலது கையால் ஒரு டம்ளரை முழுசாகப் பிடிக்க முடியாது. அந்த உள்ளங்கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன் கொதிக்கக் கொதிக்க இருந்த காபி டம்ளரை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறார். தோல் சிவந்து கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்கே தெரிந்தது.

"வித்துடலாம்ப்பா..."

மகன் லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப இருபது நாள் ஆகும். ஸ்டீயரிங் ஆடிய விஷயத்தைக் கேட்டதும் நாக்பூர் பக்கத்திலிருந்து போன் செய்தார்.

"வித்துடலாம்ப்பா. கோயம்புத்தூர்ல ஒரு பார்ட்டி ரொம்ப நாளா கேக்கறாரு. நல்ல விலை. நாமளும் எத்தனை நாளைக்கு இதைக் கட்டி இழுக்கிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 வருடம் பதிவு. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1986 வண்டிக்கு இந்த மார்ச் மாதம் அடுத்த கெடு. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணமும் இப்போது அதிகம். ஆடுகிற ஸ்டீயரிங்கோடு போய் நின்றால் அந்தப் பணமும் போச்சு, மானமும் போச்சு.

டவுனில் இரண்டு ஒர்க் ஷாப்பில் கேட்டார்கள். ஒரு இடத்தில், "இந்த உருண்டை ஆக்சில் வேலை இப்பல்லாம் யாருங்க பாக்கறா?" என்று கையை விரித்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், கிரீஸை நன்றாக அடித்துத் தருகிறோம், ஆட்டம் கொஞ்சம் குறையும் என்றார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் மாமனாருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. நான் கழட்டறேன்."

பெரியவர் சிரித்தார். "அது கொலுசு இல்ல கண்ணு. ஒரு ஹப்பே நீ தூக்கற கனம் இருக்காது."

"தூக்க முடியலேன்னா பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்கறேன். எதைக் கழட்டணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

கொலுசு என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. மருமகள் சிவதாபுரத்தில் பிறந்தவர். சேலம் வெள்ளிக் கொலுசு ஊரெங்கும் போவது தெரியும். சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை என்று அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறைதான். பத்து வயதில் இருந்து கண்ணி கோத்து, சலங்கை வைத்துப் பற்றவைத்துப் பழகிய விரல்கள் அவருடையவை.

மழை ராத்திரியும் சின்ன லிவரும்

ஜீப்பை விற்க மருமகள் ஏன் சம்மதிக்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெரியவரும் கேட்டதில்லை. இருவருக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம். விடாத மழை. ராத்திரி பத்தரை மணிக்குப் பெரியவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை தொங்கிப்போனது. பேச்சு குழறியது. பக்கவாதத்துக்கு இந்த மூன்றும்தான் அடையாளம். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதமாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மகன் ஊரில் இல்லை. தெருமுனையில் புளியமரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. பின்பக்கம் கரட்டு ஓரமாகப் போகும் மண் பாதை ஒன்றுதான் மிச்சம். அது முழங்கால் அளவு வெள்ளைச் சேறு.

மருமகள் அதற்கு முன் ஜீப்பை ஓட்டியது நாலைந்து தடவைதான், அதுவும் மைதானத்தில். அக்கம்பக்கத்தார் பெரியவரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். பாதி தூரத்தில் பின்சக்கரம் சேற்றில் சுழல ஆரம்பித்தது. வண்டி நகரவில்லை. பெரியவர் இடது கையைத் தூக்கி, கியர் லிவருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லிவரைக் காட்டினார். வாய் குழறியபடி, "முன்... முன்னாடி... போடு" என்றார்.

போட்டார். முன் ஆக்சிலும் சேர்ந்து இழுத்தது. வண்டி சேற்றை விட்டு வெளியே வந்தது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வாசலில் போய் நின்றபோது மணி பதினொன்றேகால்.

அன்றைக்குப் பிறகு அந்தச் சின்ன லிவரை யாரும் தொடவில்லை. வண்டிக்கு அடியில் யாரும் குனிந்தும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் படுக்கையில் இருந்தார்.

முதல் பாடம்... இடது பக்கம் எதிர்ப்பக்கம்!

தை பிறந்ததும் வேலை ஆரம்பமானது. மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தைப் பெருக்கி, சிமென்ட் தரையில் ஜீப்பை நிறுத்தினார்கள். பெரியவருக்கு ஒரு நாற்காலி. தரையில் பழைய பெட்ஷீட்.

சக்கர நட்டைத் தரையில் வைத்தே இளக்க வேண்டும் என்றார். வலது பக்கம் சுலபமாக வந்தது. இடது பக்கம் ஸ்பானர் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. மருமகளுக்கு வியர்த்துக் கொட்டியது. பெரியவர் அதுவரை பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப எதிர்ப்பக்கம் திருப்பு" என்றார். ஒரே இழுப்பில் வந்தது. பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டுக்கு மரை தலைகீழ். சக்கரம் சுற்றும் வேகத்தில் நட் தானாக இளகாமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொல்லியிருந்தா மறந்திருப்ப."

இரண்டாவது பாடத்தை மட்டும் முன்கூட்டியே சொன்னார், அதுவும் மூன்று தடவை. "ஜாக்கியை நம்பி அடியில தலையை விடாதே." பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தார்கள். முன்பக்கத்தைத் தூக்கியதும் இரண்டு இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றினார்கள். பேரன் கொட்டகைக்குள் வரக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

பின்சக்கரத்துக்கு இரண்டே வேலை, எடையைத் தாங்குவதும் சுற்றுவதும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியின் முன்சக்கரத்துக்கு மூன்று வேலை. எடையைத் தாங்க வேண்டும். எஞ்சின் கொடுக்கும் சக்தியில் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். அதனால் ஆக்சில் ஷாஃப்ட்டைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மடங்கும் ஜாயின்ட்டாகச் செய்து, அதை இரும்பு உருண்டைக்குள் மூடி வைத்தார்கள். நம் இடுப்பில் இருக்கும் பந்துக்கிண்ண மூட்டு போல.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பின் அமைப்பு இது. 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அந்த ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. எஞ்சின் மாறியது, முகப்பு மாறியது. முன் ஆக்சிலில் இந்த உருண்டை மட்டும் பல வருடங்கள் அப்படியே தொடர்ந்தது.

"பழைய வீட்டுக் கதவு பாத்திருக்கியா? கீல் இருக்காது. மேல ஒரு குடுமி, கீழ ஒரு குடுமி. அதுலதான் கதவு திரும்பும். கிங் பின்னும் அதேதான்" என்று பெரியவர் விளக்கினார். "குடுமி தேஞ்சா கதவு காத்துக்கு ஆடும். இது ரோட்டுக்கு ஆடுது."

ஹப் மூடி, டிரைவ் ஃபிளாஞ்ச், லாக் நட், பேரிங் என்று வரிசையாகக் கழன்றன. ஹப்பும் டிரம்மும் சேர்ந்து வந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி கை கொடுத்தான். பிரேக் டிரம்முக்குள் இருந்த கரித்தூளை ஊதவோ தட்டவோ விடவில்லை பெரியவர். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைக் கவரில் போட்டுக் கட்டச் சொன்னார். பிரேக் பிளேட்டைக் கழற்றியதும் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினார்கள். தொங்கினால் பிரேக் ஹோஸ் பிய்ந்துவிடும்.

கழற்றிய ஒவ்வொன்றையும் மருமகள் போனில் படம் எடுத்தார். நட்டுகள் தனித்தனி டம்ளரில் போயின. கிங் பின்னுக்கு மேலேயும் கீழேயும் இருந்த மெல்லிய தகடுகளை, ஷிம்களை, 'வலது மேல்', 'வலது கீழ்' என்று எழுதி நான்கு தட்டுகளில் வைத்தார்.

ஐந்தாவது நாள் இடது பக்க உருண்டையின் பெரிய சீல் கழன்றது. நக்கிளை வெளியே இழுத்ததும் உள்ளே இருந்து கொழகொழவென்று ஒன்று பெட்ஷீட்டில் விழுந்தது. கிரீஸ் கறுப்பாக இருக்க வேண்டும். இது பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதற்கும் அடியில், உருண்டையின் மடிப்பில், காய்ந்து கட்டியாகப் போன வெள்ளை மண்.

மருமகள் அதை விரலால் எடுத்துப் பார்த்தார். எந்தப் பாதையின் மண் என்று இருவருக்கும் தெரிந்தது. பெரியவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அன்னிக்கு ஃபெல்ட் காஞ்சுபோயிருந்திருக்கு. நான் மாத்தி வெச்சிருக்கணும்" என்றார்.

மருமகள் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து உருண்டையைத் துடைக்க ஆரம்பித்தார்.

தழும்பு விழுந்த கிண்ணம்

கழற்றிய பேரிங்கின் வெளிக்கிண்ணத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது ஆட்டத்தின் காரணம் தெரிந்தது. உட்புறம் சீப்பால் கீறியது போல வரிசையாகக் கோடுகள். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. அப்போது கிங் பின் பேரிங்கின் உருளைகள் சுற்றுவதில்லை. ஒரே இடத்தில் நின்றபடி சாலையின் அடியை எல்லாம் வாங்குகின்றன. கிரீஸும் இல்லாமல் போனால் உருளை நிற்கும் இடமெல்லாம் பள்ளமாகிவிடும்.

"சுத்திக்கிட்டே இருக்கற பேரிங் சீக்கிரம் சாகாது. ஒரே இடத்துல நிக்கறதுதான் சாகும்" என்ற பெரியவர், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு வருசமா என்னை மாதிரி."

இன்னொரு சேதியும் கிடைத்தது. ஆக்சில் குழாயின் உள் ஆயில் சீல் கிழிந்து, கியர் ஆயில் கசிந்து, இடது பிரேக் லைனிங்கையும் நனைத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எனவே இரண்டு பக்கமும் மாற்ற முடிவானது. டை ராட் முனைகளும் தேய்ந்திருந்தன. அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் தேவையில்லாமல் போனது. கிங் பின் பேரிங்கில் எண் பொறித்திருக்கும். உள்பாகம் 11590, வெளிக்கிண்ணம் 11520. சக்கர பேரிங்குக்கு 18590, 18520. வில்லிஸ் காலத்து எண்கள்தான் இன்றைக்கும். எண்ணைச் சொன்னதும் சேலத்து பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். உள் ஆயில் சீலும் ஃபெல்ட்டும் மட்டும் சென்னை புதுப்பேட்டையில் இருந்து கூரியரில் வந்தன.

உருண்டையின் மேற்பரப்பில் துரு தின்ற சின்னக் குழிகள் இருந்தன. அப்படியே விட்டால் புது சீலைக் குதறிவிடும். குழிகளில் எபாக்ஸி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தார் மருமகள். முதலில் கரடுமுரடானது, பிறகு நைசானது, கடைசியில் எண்ணெய் தொட்டுத் தண்ணீர்த்தாள். கொலுசுக்கு மெருகு போடுவது போலவே. பெரியவர் இடது கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஷோரூம்ல இருந்து வந்தப்பகூட இப்படி இருந்திருக்காது" என்றார். மாமனாரிடம் இருந்து வந்த முதல் பாராட்டு அது.

காசு விளையாட்டில் கலைந்த கணக்கு

எட்டாவது நாள் ஒரு விபரீதம். தடையை மீறி உள்ளே வந்த பேரன், நான்கு தட்டிலும் இருந்த ஷிம்களை எடுத்துக் கடை விளையாட்டில் காசாக்கிவிட்டான். எந்தத் தகடு எந்தப் பக்கம் என்ற கணக்கு போய்விட்டது.

மெக்கானிக்குகள் 'தவ்' என்று சொல்வது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷிம்கள் 3, 5, 10, 30 தவ் தடிமனில் வரும். 3 தவ் என்பது கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அந்த முடியளவு வித்தியாசத்தில்தான் கிங் பின்னின் இறுக்கம் இருக்கிறது. தகட்டை எடுத்தால் இறுகும், சேர்த்தால் இளகும். இளகினால் ஸ்டீயரிங் ஆடும். ரொம்ப இறுகினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

பெரியவரின் அளவுகோல் எப்போதும் அவர் வலது கைதான். நக்கிளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கை இப்போது சொல்லாது. முதல் தடவையாக அவர் முகம் சுருங்கியது. "விட்டுரலாம் கண்ணு. கோயம்புத்தூர்க்காரரையே வரச் சொல்லு."

மருமகள் பதில் சொல்லவில்லை. பஸ் ஏறி சிவதாபுரம் போனார். அண்ணனின் பட்டறையில் வெள்ளித் தகடும் கம்பியும் அளக்க வைத்திருந்த மைக்ரோமீட்டரை வாங்கி வந்தார். ராத்திரி முழுக்க ஷிம்களை அளந்து பிரித்தார். பாதிக்கு மேல் கருவியே தேவைப்படவில்லை. நகத்தால் நெருடிப் பார்த்தே மூன்றையும் ஐந்தையும் பிரித்தார். அளந்து பார்த்தபோது சரியாக இருந்தது.

கைக்குப் பதில் தராசு வைக்கலாம் என்று பெரியவருக்கும் விடிகாலையில் யோசனை வந்தது. பழைய சர்வீஸ் புத்தகத்தில் அந்த முறை இருக்கிறது. பெரிய சீலைப் போடும் முன், டை ராட் மாட்டும் ஓட்டையில் தராசின் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். நக்கிள் சீராகத் திரும்பும்போது முள் காட்டும் எடை, புத்தகம் சொல்லும் எடையாக இருக்க வேண்டும். பழைய பேப்பர்காரரிடம் ஒரு கொக்கித் தராசு இரவல் கிடைத்தது.

புதுக் கிண்ணங்களைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி இறக்கினார் மருமகள். பெரியவர் கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டார். அரைகுறையாக இறங்கும்போது ஒரு சத்தம், அடி வரை உட்கார்ந்ததும் கனமான வேறு சத்தம். "போதும், உக்காந்துருச்சு."

மேலே எவ்வளவு தகடோ கீழேயும் அவ்வளவு. இல்லாவிட்டால் ஷாஃப்ட் நடுவில் நிற்காது. முதல் தடவை இழுத்தபோது முள் அசையவே இல்லை, அவ்வளவு இளக்கம். மேலும் கீழும் ஒவ்வொரு 10-ஐ எடுத்துவிட்டு 5 வைத்தார்கள். இப்போது முள் எகிறியது. 5-உடன் ஒரு 3 சேர்த்தார்கள். கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தார் மருமகள். நக்கிள் எங்கும் தடுக்காமல், வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"மூணு தவ்" என்றார் பெரியவர். "முப்பது வருசம் கையில பாத்தேன். முடி கனம்தான் வித்தியாசம்னு இன்னிக்குத்தான் கண்ணுல பாக்கறேன்."

எட்டு பேரிங், மூன்று சாயங்காலம்

பேரிங்குக்கு மேலாகக் கிரீஸ் பூசினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழுவாக வெளியே வரும் வரை நிரப்ப வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு மிருதுவான பந்தைக் கொடுத்து, தினமும் வலது கையால் நூறு தடவை அழுத்தச் சொல்லியிருந்தார். அந்தப் பந்து அலமாரியில் தூசு படிந்து கிடந்தது. கேட்டால், "நான் என்ன சின்னப் பையனா?" என்பார் பெரியவர்.

மருமகள் எட்டு பேரிங்கையும் கிரீஸ் டப்பாவையும் அவர் முன்னால் வைத்தார். "இது உங்க வேலை மாமா. எனக்கு வராது."

இடது உள்ளங்கையில் கிரீஸ். வலது கையில் பேரிங். முதல் பேரிங் இரண்டு தடவை நழுவி மடியில் விழுந்தது. ஒன்றை முடிக்க முக்கால் மணி நேரம். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தார். அடுத்த வாரம் கையைப் பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் நக இடுக்கில் கறுப்பைப் பார்த்துவிட்டு, "பந்தை விட்டுட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "இன்னும் ரெண்டு வண்டிக்குப் போடுங்க" என்றாராம்.

அதன் பிறகு வேலை வேகமாக முடிந்தது. ஃபெல்ட்டை ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார்கள். சக்கர பேரிங்கின் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுகும் வரை முடுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று பின்னுக்கு இளக்கி, லாக் போட்டார்கள். கடைசியாக, முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்வாங்கி இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பால் முன்னும் பின்னும் அளந்து, டை ராடைத் திருகி அதையும் சரி செய்தார்கள். பிரேக்கில் காற்று எடுத்து, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவி போட்டார்கள்.

வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உயிர் சம்பந்தப்பட்டவை. விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம். முடித்ததும் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. இவர்களும் பெரியவரின் பழைய கூட்டாளி ஒருவரை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் அடியில் படுத்து எல்லா நட்டையும் முடுக்கிப் பார்த்தார். வெளியே வந்து, "அண்ணே, இதை நீங்க பண்ணலையே?" என்றார்.

"மருமக" என்றார் பெரியவர்.

அடிவாரம் வரை...

பத்தொன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் தெருவுக்குள் 20-ல். பிறகு மெயின் ரோட்டில் 40. அந்தப் பழைய பள்ளத்தைத் தேடிப் போய் வேண்டுமென்றே 45-ல் இறக்கினார் மருமகள். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டீயரிங் அசையவில்லை. பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார். பின்சீட்டில் இருந்த பேரன் ஏமாற்றத்தோடு, "இனிமே ஆடாதாம்மா?" என்று கேட்டான்.

வண்டியைத் திருப்பி ஏற்காடு அடிவாரம் வரை போனார்கள். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம் என்று புளியமர நிழலில் நிறுத்தினார்கள்.

புது பேரிங் போட்டுச் சில கிலோமீட்டர் ஓடியதும், இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் நட் அதிகம் இறுகியிருக்கிறது. லேசான சூடு என்றால் சரி. பெரியவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கையை நீட்டினார். வலது கை.

"மாமா, அந்தக் கையால வேணாம். சூடு தெரியாது உங்களுக்கு" என்று மருமகள் ஓடி வருவதற்குள் உள்ளங்கையை ஹப்பின் மேல் வைத்துவிட்டார். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார்.

"எடுங்க மாமா, சுட்டுரும்!"

"சுடல கண்ணு" என்றார் பெரியவர். "வெதுவெதுன்னு இருக்கு."

மருமகள் குனிந்து, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.